புதிய ஸ்பீக்கருக்குப் பிரேக்-இன் (பல மணி நேரம் ஓடவிட்டுப் பழக்குவது) தேவையா? உங்கள் அனுபவம் என்ன?

வூஃபர்பிரியன்:
தாழ்ந்த ஒலிகளுக்கான எட்டு அங்குல வூஃபர் ஒன்றைப் பெட்டியில் பொருத்தும் முன் அளந்தேன். கோன் இயல்பாக அதிரும் ஒத்ததிர்வு அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ் என்று வந்தது. தயாரிப்பாளரின் தாளிலோ 36 என்றிருந்தது. கோனைத் தாங்கிப் பிடிக்கும், பிசின் ஏற்றிய துணியாலான ஸ்பைடர் புதிதில் விறைப்பாகத்தான் இருக்கும். 20 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்துக் கோனை நன்றாக அசைந்தாட விட்டுவிட்டு மீண்டும் அளந்தபோது, திரையில் ஒத்ததிர்வைக் காட்டும் இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) கோட்டின் உச்சி இடப்பக்கம் நகர்ந்து 37-இல் நின்றது. அதைக் கண்ணால் கண்ட பிறகு, பிரேக்-இன் வெறும் கற்பனை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாலைராகம்:
உச்சி நகர்ந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்பைடர் இளகும்போது ஒத்ததிர்வு அதிர்வெண் குறைய, வாஸ் (வூஃபரின் இளக்கத்துக்குச் சமமான காற்றின் கன அளவு) கூடுகிறது. ஒன்றை மற்றொன்று பெருமளவு ஈடுகட்டிவிடுவதால் பெட்டிக்குள் வைத்தபின் பேஸ் அவ்வளவாக மாறுவதில்லை. என்னை இன்றும் உறுத்துவது வேறு. வயலின் காதைக் கீறுகிறது என்று கடைக்காரரிடம் சொன்னேன். "200 மணி நேரம் ஓடட்டும் சார், தானாகச் சரியாகிவிடும்" என்றார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கேட்பவருக்கு அது இரண்டு மாதத்துக்கும் மேல். திருப்பித் தருவதற்கான கெடுவோ பத்தே நாள். கீறல் குறையாமல் மீண்டும் போய் நின்றபோது, அவர் பில்லின் தேதியில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, அதை என் பக்கமே தள்ளினார்.

காதுறை:
ஹெட்போனிலும் இதே கதைதான். என்னுடையது நாளடைவில் இனிமையானது. புதிய காது மெத்தையை மாட்டியதும் பழைய கூர்மை அப்படியே திரும்பி வந்தது. இளகியது ஒலி எழுப்பும் டிரைவர் அன்று, மெத்தை. ஹெட்போன் விமர்சகர் டில் ஹெர்ட்சன்ஸ் ஏகேஜி க்யூ701 ஹெட்போனை அளந்தபோதும் மிகச் சிறிய மாற்றங்களே தென்பட்டன.

மாலைராகம் அவர்களுக்கும் இனி வாங்கப்போகிறவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் எறியாதீர்கள். ஒரே மாடலில் பழகிய ஜோடி நண்பரிடம் இருந்தால், இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்து, எது எதுவென்று தெரியாமல் கேளுங்கள். சற்று உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும் என்பதால் ஒலியளவைக் காதால் ஒப்பிடாமல் மீட்டரால் சரிபாருங்கள். அசையும் பாகமே இல்லாத கேபிளுக்குப் பிரேக்-இன் சொல்பவரை நம்பாதீர்கள். பழக்குவதாக நினைத்து இரவெல்லாம் உச்ச ஒலியில் ஓடவிட்டால் கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில்தான் கருகும்.

வூஃபர்பிரியன்:
பெட்டிக்குள் வைத்தும் அளந்தேன், மாலைராகம். முன்னும் பின்னும் அரை டெசிபல்கூட வேறுபடவில்லை. வயலின் கீறலுக்கு வூஃபரின் ஸ்பைடர் காரணமாகவே இருக்க முடியாது. உயர்ந்த ஒலிகளுக்கான டுவீட்டரையும், ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரையும் பாருங்கள்.