அலெக் கின்னஸை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

சென்னையிலிருந்து

திரையில் பல வருடங்களாகப் பார்த்த பலர் உண்மையில் ஒரே ஆள்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்குப் பிரிட்டிஷ் நடிகர் அலெக் கின்னஸ் அப்படித்தான் கிடைத்தார். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் வெண்தாடி ஓபி-வான் கெனோபியைப் பள்ளி வயதிலேயே தெரியும். கல்லூரியில் படிக்கும்போது ஒரு திரைப்படச் சங்கத்தில் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ போட்டார்கள். சிறுவர்களுக்குத் திருடக் கற்றுக்கொடுக்கும் ஃபேகின் கிழவனின் கூனும் குழைவான குரலும் வெகுநாள் மனத்தை விட்டுப் போகவில்லை. அந்தக் கிழவனும் ஓபி-வானும் ஒருவரே என்று நடிகர் பட்டியலைப் பார்த்துத்தான் அறிந்தேன். படம் வெளிவந்தது 1948இல். கிழவனாக வந்தவர் அப்போது முப்பது வயதைச் சற்றே தாண்டியிருந்த இளைஞர்.

இயக்குநர் டேவிட் லீனுக்கே முதலில் நம்பிக்கை இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பு அவருடைய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ படத்தில் துறுதுறுப்பான வாலிபனாக வந்தவர் கின்னஸ். மேக்கப் போட்டு வந்து காட்டுகிறேன், பிறகு முடிவு செய்யுங்கள் என்று கேட்டு, வந்து நின்றார். வேடம் கிடைத்துவிட்டது. மேக்கப் செய்தவர் ஸ்டூவர்ட் ஃப்ரீபோர்ன். பல வருடங்கள் கழித்து ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் யோடா பாத்திரத்தை உருவாக்கியவரும் அவர்தான்.

கின்னஸின் சொந்த முகம், தெருவில் எதிரே வந்தால் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கத் தூண்டாத முகம். ஏறிய நெற்றி, வெளிறிய கண்கள், அளவான புன்னகை. நம் ஊரில் நட்சத்திரத்தின் முகத்துக்காகவே படம் ஓடுகிறது. அந்த முகம் மாறாமல் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இவர் முகத்தைத் துடைத்துவிட்டு வந்து நிற்பவர். சிலேட்டுப் பலகை மாதிரி, படத்துக்குப் படம் புதிதாக எழுதிக்கொள்கிறார்.

அதை ஒரே படத்தில் பார்க்க வேண்டுமென்றால் ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ்’ (1949). ஈலிங் ஸ்டூடியோ, ராபர்ட் ஹேமர் இயக்கம். ஒரு பிரபுப் பட்டத்தை அடைவதற்காக, வழியில் நிற்கும் உறவினர்களை ஒருவர் பின் ஒருவராகத் தீர்த்துக்கட்டுகிறான் நாயகன். அந்தக் குடும்பத்தின் எட்டுப் பேரும் கின்னஸ்தான். கப்பல் தளபதி, பாதிரியார், படைத்தலைவர், வங்கி அதிபர், பலூனில் பறந்துகொண்டே பெண்கள் வாக்குரிமைக்குத் துண்டறிக்கை வீசும் லேடி அகதா, எல்லாரும். முதலில் நான்கு வேடங்களுக்குத்தான் கேட்டார்களாம்; எட்டையும் நானே செய்கிறேனே என்று சொன்னவர் இவர். எட்டு என்றதும் பலருக்கு ‘நவராத்திரி’யில் சிவாஜி ஏற்ற ஒன்பது வேடங்கள் நினைவுக்கு வரும். எனக்கும் அது பெரிய விருந்து. ஆனால் அங்கே ஒவ்வொரு வேடமும் பொங்கி வழிந்து நம்மை நனைக்கிறது. இங்கே ஒவ்வொருவரும் சில நிமிடங்கள் வந்து, தன் குணத்தை ஒரு நடையிலோ ஓர் இருமலிலோ காட்டிவிட்டுச் செத்துப்போகிறார்கள். இரண்டும் இரண்டு பள்ளிகள். ஒன்றை வைத்து மற்றதை அளக்க எனக்கு மனமில்லை.

தேவாலயக் காட்சியில் குடும்பத்தினர் ஆறு பேர் ஒரே சட்டகத்தில் தெரிவார்கள். கணினி இல்லாத காலம். கேமராவை அசையாமல் நிறுத்தி, லென்ஸின் ஒரு பகுதியை மட்டும் திறந்து ஒருவரைப் படமெடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னுக்குச் சுற்றுவார்கள். கின்னஸ் அடுத்த உடைக்கு மாறி வருவார். யாராவது கேமராவைத் தட்டிவிட்டால் அத்தனையும் வீண் என்பதால் ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகாம்ப் இரவில் கேமராவின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்.

கின்னஸின் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கஃப், ஸ்டைவன், கின்னஸ் என்று சிறு வயதிலேயே மூன்று குடும்பப் பெயர்களைச் சுமந்தவர். தான் யார் என்று தெரியாததால்தான் அடுத்தவராக மாறினார் என்று இதை வைத்துச் சுலபமாக எழுதிவிடலாம். பலர் எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அப்பா பெயர் தெரியாத பிள்ளைகள் எத்தனையோ பேர்; எல்லாரும் கின்னஸ் ஆகிவிடவில்லை. விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிக்கொண்டு, அரை வயிற்றோடு நாடகம் பயின்ற அந்த உழைப்பை முதலில் பார்க்க வேண்டும்.

என்னை அதிகம் உலுக்கிய சந்திப்பு திரைக்கு வெளியே நடந்தது. அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியது. ‘ஃபாதர் பிரவுன்’ (1954) படப்பிடிப்பு, பிரான்ஸின் பர்கண்டிப் பகுதிக் கிராமம். மாலை நேரம், பாதிரியார் அங்கியோடு தங்கும் இடத்துக்கு நடந்து போகிறார். அறிமுகமே இல்லாத ஒரு சிறுவன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, பேசியபடியே கூட நடக்கிறான். பிறகு வேலி இடுக்கில் புகுந்து ஓடிவிடுகிறான். இவருக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. வாய் திறந்தால் பையன் பயந்துவிடுவான் என்று பேசாமலே நடந்திருக்கிறார். வெறும் அங்கிக்கே ஒரு குழந்தை இவ்வளவு நம்பிக்கை வைக்கிறதென்றால் அதன் பின்னால் ஏதோ இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று விழுந்தது. 1956இல் கத்தோலிக்கராக மாறினார். வேடம் போட்டவரையே வேடம் மாற்றியது. நடிப்பைப் பற்றி நான் படித்தவற்றில் இதற்கு இணையாக வேறொன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1984இல் ‘எ பேசேஜ் டு இந்தியா’வில் இந்தியப் பேராசிரியர் கோட்போலேயாக, தோலுக்கு நிறம் பூசி நடித்தார். விக்டர் பானர்ஜியும் சயீத் ஜாஃப்ரியும் உள்ள அதே படத்தில் அது உறுத்துகிறது. யூதப் பாத்திரமான ஃபேகினின் பெரிய மூக்கும் அப்படியே. யூதர்கள் கொதித்தெழுந்தார்கள், பெர்லினில் ஆர்ப்பாட்டம் நடந்தது, அமெரிக்காவில் 1951 வரை படத்தை வெளியிட முடியவில்லை. இன்னொருவராக மறைவது பெரிய கலைதான். யாருடைய தோலுக்குள் மறைகிறோம் என்று அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சினிமா கேட்டுக்கொள்ளவே இல்லை.

நீங்கள் அவரை எங்கே, எந்த முகத்தில் சந்தித்தீர்கள்? எழுதுங்கள்.

கிள்ளானிலிருந்து

எங்கள் வீட்டில் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957) சாதாரணப் படம் அல்ல. தாத்தாவின் அண்ணன் மலாயாவின் தோட்டத்திலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பவில்லை. தொலைக்காட்சியில் இந்தப் படம் ஓடிய இரவு, பாட்டி கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, “இதில் நம் ஆட்கள் எங்கே?” என்று கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்தப் பாதை 415 கிலோமீட்டர். 1942 முதல் 1943 வரை ஜப்பானியர் போட்டது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப் போலப் பல மடங்கு. அவர்களில் மலாயாவின் தோட்டத் தமிழர்கள் பெரும் பகுதி. காலரா, மலேரியா, பட்டினி. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. எங்கள் ஆட்கள் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. மூலக்கதையை எழுதிய பியர் பூல் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்தவர் என்று அறிந்தபோது எனக்கு இன்னும் வலித்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கின்னஸைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தகரக் கொட்டடியில் வெயிலில் அடைத்துவைத்த பிரிட்டிஷ் போர்க்கைதி கர்னல் நிக்கல்சனை (கின்னஸ்) வெளியே கொண்டுவருவார்கள். கால் பின்னுகிறது, உடல் சாய்கிறது, ஆனால் முதுகை மட்டும் நிமிர்த்தியபடி ஜப்பானிய முகாம் தலைவர் சைட்டோவின் குடிசைக்கு நடந்து போகிறார். போலியோவால் படுத்துவிட்ட தன் மகன் மாத்யூ மறுபடி நடக்கப் பழகிய விதத்திலிருந்துதான் அந்த நடையை எடுத்தார் கின்னஸ். அந்தக் காட்சியில் பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கதை எங்களைச் சேர்க்கவில்லை. அந்த நடை சேர்த்துக்கொண்டது. ஆஸ்கார் கிடைத்ததும் இந்த வேடத்துக்குத்தான்.

இன்னொன்று: உண்மைப் பாலத்தின் பிரிட்டிஷ் அதிகாரி பிலிப் டூசி, நிக்கல்சனைப் போல எதிரியின் பாலத்தில் பெருமை கொண்டவர் அல்லர். தன் ஆட்களைக் காப்பாற்றவும் வேலையைக் கெடுக்கவும் பார்த்தவர். படத்தை வரலாறு என்று எடுத்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஹட்டனிலிருந்து

படத்தில் வரும் அந்தப் பாலம் சயாமில் கட்டப்படவில்லை. எங்கள் பக்கத்தில், கித்துள்கலையில், களனி கங்கையின் மேல் கட்டி வெடிவைத்தார்கள். கொழும்புக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகும். சாலையிலிருந்து இறங்கி நடந்தால் பாலத்தின் கான்கிரீட் அடித்தளங்கள் கரையில் இன்னும் இருக்கின்றன. இப்போது ரப்பர் படகில் ஆற்றுச் சுழலில் போகவே கூட்டம் வருகிறது. படத்தின் மருத்துவமனை கல்கிசை மவுண்ட் லவினியா ஹோட்டல். இராணுவத் தலைமையகக் காட்சிகள் பேராதனைப் பூங்கா. பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் படம் முழுக்க இலங்கைதான்.

லண்டனிலிருந்து

நான் இங்கே வந்து வேலைக்குச் சேர்ந்த காலம். 1979இல் பிபிசியில் ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ ஏழு வாரங்கள் வந்தது. உளவுத்துறைக் கதை என்றால் துப்பாக்கியும் கார் துரத்தலும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, தடித்த கண்ணாடி போட்ட ஒரு வயதானவர் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பதைக் காட்டினார்கள். ஜார்ஜ் ஸ்மைலி. கண்ணாடியைக் கழற்றி டையின் அகன்ற நுனியால் துடைப்பார். எதிரே இருப்பவர் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் உண்மையைச் சொல்லத் தொடங்குவார். காலையில் ரயிலில் எதிரே உட்காரும் ஆங்கிலேய முதியவர்களை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

வேடத்துக்கு முன்பு, ஓர் உண்மையான உளவுத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்று கின்னஸ் கேட்டிருக்கிறார். மூல நாவலை எழுதிய லெ கரே, பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்ஐ6இன் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டை மதிய உணவுக்கு அழைத்தார். கின்னஸ் கவனித்ததெல்லாம் அவருடைய காலணி, குடை, சட்டைக்கைப் பொத்தான்கள், கோப்பையின் விளிம்பைத் தடவும் விரல். மனிதரை வெளியிலிருந்து உள்ளே கட்டுவதுதான் அவர் முறை. பிறகு ஸ்மைலியைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் கின்னஸின் குரல்தான் கேட்டது என்று லெ கரேயே சொல்லும் நிலை வந்தது. படைத்தவரிடமிருந்து பாத்திரம் கைமாறிவிட்டது.

1982இல் வந்த ‘ஸ்மைலீஸ் பீப்பிள்’ தொடரின் முடிவையும் பாருங்கள். ஸ்மைலியின் வாழ்நாள் எதிரியான சோவியத் உளவுத் தலைவர் கார்லா, பெர்லினில் பாலத்தைக் கடந்து சரணடைய வருகிறார். ஒரு வார்த்தை பேசாத அந்த வேடத்தில் பேட்ரிக் ஸ்டூவர்ட். வென்றுவிட்டீர்கள் என்று உடனிருப்பவர் சொல்லும்போது கின்னஸின் முகத்தில் வெற்றி வரவே வராது. இரண்டு தொடர்களுக்கும் பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றார்.

சென்னையிலிருந்து, மறுபடி

கிள்ளான் நண்பருக்கு: உங்கள் பாட்டியின் கேள்வியை இனி இந்தப் படத்தைத் திரையிடும் இடமெல்லாம் எடுத்துப்போகப் போகிறேன். படம் முடிந்ததும் நடக்கும் பேச்சில் அதுதான் முதலில் வர வேண்டும்.

‘ஸ்டார் வார்ஸ்’ பற்றித் தனிச் செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். ஆம், அந்தப் புகழ் அவருக்குச் சுமையாகத்தான் இருந்தது. லாபத்தில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்கு அவரைப் பணக்கவலையிலிருந்து விடுவித்தது. அதை நன்றியோடு ஒப்புக்கொண்டார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறுவன், அந்தப் படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன் என்று பெருமையோடு வந்து நின்றபோது, இனிமேல் பார்க்க மாட்டேன் என்று வாக்குக் கொடு என்று கேட்டாராம். பையன் அழுதுவிட்டான், தாய்க்குக் கோபம். எனக்கு அந்தத் தாயின் கோபமும் புரிகிறது, கின்னஸின் கவலையும் புரிகிறது.

எந்தப் படத்தில் தொடங்கலாம் என்பதற்கு என் யோசனை: நிக்கல்சனைப் பார்த்த கையோடு ‘டூன்ஸ் ஆஃப் குளோரி’ (1960) பாருங்கள். அங்கேயும் இராணுவ அதிகாரிதான். ஆனால் செந்தலை, உரத்த குரல், குடி, முரட்டுச் சிரிப்பு கொண்ட ஸ்காட்லாந்துக்காரர் ஜாக் சின்க்ளேர். விதிமுறையைக் கட்டி அழும் அதிகாரியாக ஜான் மில்ஸ் வருகிறார். நிக்கல்சனை நடித்தவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று நினைப்போமோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார் கின்னஸ்.

லண்டன் நண்பரே, அவரை நாடக மேடையில் நேரில் பார்த்தவர்கள் உங்கள் வட்டத்தில் இருந்தால் இங்கே எழுதச் சொல்லுங்கள்.