இழுக்காதீங்க, கோடு போடுங்க

அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து ஆறு வருஷம். கை நடுக்கத்தைவிட எங்களைப் படுத்தியது அவர் கால்தான். கூடத்தில் நன்றாக நடந்து வருவார். குளியலறை வாசல் வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். குதிகால் மட்டும் வெடவெடவென்று ஆடும். "வாங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுப்பேன். உடம்பு வரும், கால் வராது. இரண்டு தடவை என் மேலேயே சாய்ந்துவிட்டார்.

பிசியோதெரபி என்றால் கை காலை நீட்டி மடக்கி விடுவது என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவரோ முதல் நாள் அப்பாவைத் தொடவே இல்லை. எங்கெங்கே நின்றுபோகிறார் என்று பார்த்தார். வாசலுக்கு முன்னால் ஓர் அடி வைக்கும் தூரம் விட்டு விட்டு, குறுக்கே நாலு வெள்ளை டேப் ஒட்டினார். "கோட்டைத் தாண்டுங்க ஐயா." தாண்டிவிட்டார்! எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது, இத்தனை நாள் ஒருத்தரும் சொல்லவில்லையே என்று.

மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறையும்போது யோசிக்காமல் தானாக நடக்கும் நடை கெடுகிறதாம். கண்ணுக்கு ஒரு குறி கிடைத்தால் மூளை வேறு வழியில் காலை எடுத்துவைக்கிறது. கோடு இல்லாத இடத்தில் முதலில் நிற்கச் சொல்கிறோம். பிறகு இடமும் வலமுமாக லேசாகச் சாய்ந்து, ஒரு பெரிய அடி. இழுப்பதை விட்டுவிட்டேன்.

இன்னொன்று: காலையில் மாத்திரைக்கு முன்பே பயிற்சி செய்யவைத்துக்கொண்டிருந்தோம். அந்த மாத்திரை (லெவோடோபா) வேலை செய்யும் நேரத்துக்கு மாற்றியபின் அவரே எழுந்து வருகிறார்.

*

என் மாமியாருக்கும் பார்க்கின்சன்தான். அவருக்குக் கோடு பலிக்கவில்லை, குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். தாளம்தான் கைகொடுத்தது. மெட்ரோனோம் என்ற, சீராகத் தாளம் தட்டும் கருவியை வைத்துப் பார்த்தோம். இப்போது "ஒண்ணு, ரெண்டு" என்று அவரே எண்ணிக்கொள்கிறார். திரும்பும்போதுதான் பயம். நின்ற இடத்திலேயே சுழலாமல், அரைவட்டமாகச் சுற்றி வரச் சொல்லிக்கொடுத்தார்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். அதுதான் எங்கள் வீட்டில் கஷ்டம்!

*

நான் நோயாளியே எழுதுகிறேன். எனக்குப் பார்க்கின்சன்காரர்களுக்கான எல்எஸ்விடி பிக் என்ற பயிற்சி கொடுத்தார்கள்: வாரம் நாலு நாள், ஒரு மணி நேரம், நாலு வாரம். கையை வீசு, காலை எட்டி வை, எல்லாமே பெரிசாக. முதல் வாரம் கூச்சமாக இருந்தது, ஏதோ கோமாளி மாதிரி நடக்கிறோம் என்று. மகள் செல்போனில் எடுத்துக் காட்டினாள். சாதாரணமாக ஒரு மனுஷன் நடந்து போகிறான், அவ்வளவுதான். அந்த வீடியோவை இன்னும் அழிக்கவில்லை.