ஆற்காடு ரூபாய் ஆற்காட்டில் அடித்ததுதானா?

பாலாற்றங்கரை:
பாட்டியின் சுருக்குப் பையில் ஒரு வெள்ளிக் காசு கிடைத்தது. எடை 11.4 கிராம். இரண்டு பக்கமும் பாரசீக எழுத்து. படிக்கத் தெரிந்த நண்பர் "ஆர்காட்" என்றும் ஹிஜ்ரி 1172 என்றும் இருப்பதாகச் சொன்னார். அதாவது 1758-59. நவாப் காலத்தில் நம்ம ஆற்காட்டிலேயே அடித்தது! வேலூரில் ஒரு கடையில் காட்டினால், "மேலெல்லாம் குத்தியிருக்கு, வெள்ளி விலைதான்" என்கிறார்கள். திருநீறு போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகுமா?

செப்புக்காசு:
ஐயோ, தேய்க்காதீர்கள். முதலில் லென்ஸ் வைத்து, சின்னதாகத் தாமரை ஏதாவது தெரிகிறதா பாருங்கள். இருந்தால் அது மெட்ராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்தது. 1742-இலேயே ஆற்காடு ரூபாய் அடிக்க அவர்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. 1172-ஐயும் நம்பாதீர்கள். அது முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் 6-ஆம் ஆட்சியாண்டு. அவர் 1759-இல் கொலையுண்டார். ஆனால் மெட்ராஸ் நாணயச்சாலை அதே பெயரையும் அதே ஆண்டையும் பல பத்தாண்டுகள் அடித்துக்கொண்டே இருந்தது. உங்கள் காசு 1790-இல் அடித்ததாகக்கூட இருக்கலாம்.

கோட்டைவாசல்:
அப்படியானால் எங்கள் ஊர்ப் பெயர் வெறும் அச்சா? நவாபுகளின் நாணயச்சாலை ஆற்காட்டில் இருந்தது உண்மைதானே. பிரெஞ்சுக்காரர்கள் 1736-இல் அனுமதி வாங்கி, புதுச்சேரியில் பிறை போட்டு அடித்தார்கள். கல்கத்தாவில் கம்பெனிக்காரர்கள் ரோஜா போட்டு அடித்தார்கள். டாக்கா, சிட்டகாங் வரை ஆற்காடு ரூபாய் புழங்கியது. தங்கள் ராஜா பெயரைப் போட்டால் கடைத்தெருவில் செல்லாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாலாற்றங்கரை ஊர் ஒன்றின் பெயருக்கு அவ்வளவு மதிப்பு. அதைச் சொல்லாமல் "மெட்ராஸ் காசு" என்று முடித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

செப்புக்காசு:
பெயரின் மதிப்பை நான் மறுக்கவே இல்லை சார். அடித்த இடம் வேறு, பெயர் வேறு. இரண்டையும் கலந்தால் ஏமாறுவது சேகரிப்பவர்தான். தாமரை போட்ட காசை "நவாப் காசு, ஆற்காட்டில் அடித்தது" என்று சொல்லி என்னிடம் மூன்று மடங்கு விலைக்கு விற்றார்கள். அன்று எனக்கு இது தெரியாது.

பாலாற்றங்கரை:
பார்த்தேன். தாமரை இருக்கிறது, பாதி இதழ் விளிம்போடு போய்விட்டது. "ஆர்காட்"டிலும் கடைசி எழுத்து இல்லை. யாராவது வெட்டியிருப்பார்களோ?

செப்புக்காசு:
இல்லை. அச்சு பெரியது, வெள்ளி வில்லை சிறியது. சுத்தியலால் ஒரு அடி, வில்லைக்கு வெளியே போனது போனதுதான். முழுப் பெயரும் விழுந்த காசு அபூர்வம்.

பட்டறைக்காரன்:
குத்தியிருப்பது பற்றி நான் சொல்கிறேன். அவை சராப்பு, அதாவது காசு மாற்றும் வணிகர், அடித்த முத்திரைகள். காசு கை மாறும்போது சராப்பு உள்ளே வெள்ளிதானா என்று பார்த்து, தன் குறியை அடித்துக் கொடுப்பார். ஒன்று பூ மாதிரி, ஒன்று பிறை மாதிரி இருக்கும். ஐந்து குத்து இருந்தால் ஐந்து பேர் சோதித்து ஏற்றுக்கொண்ட காசு. இது எப்படிச் சேதமாகும்? ஆனால் திருநீறு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் அண்ணே. வெள்ளிக்குத் திருநீறு நம் வீடுகளில் பழகியதுதான்.

செப்புக்காசு:
வெள்ளிச் சொம்புக்குப் பழகியது, சரி. சொம்பில் எழுத்து இல்லையே. இந்தக் காசில் எழுத்து நிற்பது மயிரிழை உயரம். அந்தக் கறுப்பு படிய இருநூறு வருடம் ஆனது, தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடும். அப்புறம் சராப்புக் குறிகூட மழுங்கும். சுத்தமான தண்ணீரில் அலசி, பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும்.

பட்டறைக்காரன்:
சொம்பு வேறு, காசு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பச்சை பூத்திருந்தால் விடக்கூடாது. அது செம்பு கலப்பிலிருந்து வருவது, காசை அரிக்கும்.

பாலாற்றங்கரை:
பச்சை இல்லை. தேய்க்கவில்லை, விற்கவும் இல்லை. காகித உறையில் போட்டு, மேலே "மெட்ராஸ், தாமரை, ஆற்காடு ரூபாய்" என்று எழுதிவிட்டேன்.

கோட்டைவாசல்:
ஆற்காடு என்பதை முதலில் எழுதுங்கள்.