மந்திரவாதி நாயகனால் எல்லாமே முடியும் என்றால் சண்டையை எப்படி எழுதுவது?

கேள்வி:
சூப்பர் ஹீரோ காமிக்ஸ் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன். நாயகன் மந்திரவாதி, வில்லன் சூனியக்காரன். இவன் நெருப்பை ஏவினால் அவன் மழையை ஏவுகிறான். பன்னிரண்டு பக்கமும் இதேதான். யார் ஜெயித்தாலும் மனசு ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
நண்பரே, மார்வெல் காமிக்ஸின் மந்திரவாதி நாயகன் டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் ஆரம்பக் கதைகளைத் தேடிப் படியுங்கள். ஸ்டீவ் டிட்கோ வரைந்தவை. 1963 ஜூலையில் ‘ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்’ 110ஆம் இதழில் வெறும் ஐந்து பக்கக் கதையாகத் தொடங்கியது. நான் திரும்பத் திரும்பப் படிப்பது 126, 127 இதழ்களைத்தான்.

இருள் உலகின் அதிபதி டோர்மம்முவோடு சண்டை. பலத்தில் ஸ்ட்ரேஞ்ச் அவனுக்கு ஈடே இல்லை. ஆனால் டோர்மம்மு தன் சக்தியையெல்லாம் சண்டையில் கொட்டக் கொட்ட, புத்தியில்லா அரக்கக் கூட்டத்தை வெளியே நிறுத்தியிருந்த அரண் தளர்ந்துவிடுகிறது. அவை புகுந்தால் அந்த உலகத்து மக்கள் கதி அவ்வளவுதான். அப்போது ஸ்ட்ரேஞ்ச் தன் சக்தியை எதிரிக்கே கொடுக்கிறான்! அரண் நிமிர்கிறது. வில்லன் கடன்பட்டுவிட்டான். பூமிமேல் படையெடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியதாகிறது.

அந்த அவமானத்தில்தான் பகை முற்றுகிறது. கொடுத்த வாக்கு கையைக் கட்டியிருப்பதால், 130ஆம் இதழிலிருந்து ஸ்ட்ரேஞ்சின் பழைய எதிரியான மந்திரவாதி மோர்டோவுக்குத் தன் சக்தியைக் கொடுத்து ஸ்ட்ரேஞ்சை வேட்டையாட வைக்கிறான். மாதக்கணக்கில் நீண்ட கதை அது. மந்திரத்தால் அவிழ்க்க முடியாத கட்டு எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். சண்டை பிறகு தானாக வரும்.

பதில் 2:
115ஆம் இதழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனக்கு மந்திரம் கற்பிக்கும் குருவையே கொல்ல மோர்டோ சூழ்ச்சி செய்வது ஸ்ட்ரேஞ்சுக்குத் தெரிந்துவிடும். உடனே மோர்டோ வாய்க்கட்டு போட்டுவிடுவான். மற்றதெல்லாம் பேசலாம், எச்சரிக்கை மட்டும் வாயைத் தாண்டாது. அப்போது ஸ்ட்ரேஞ்சுக்கு ஒரு மந்திரம்கூடத் தெரியாது. குருவைக் காக்க ஒரே வழி, தானும் சீடனாவது. அவன் மந்திரவாதியானதே அப்படித்தான். ஒரு சின்னக் கட்டு, ஒரு நாயகனையே உண்டாக்கிவிட்டது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பழைய பன்னிரண்டு பக்கத்தையும் ஒதுக்கிவிட்டேன். இப்போது என் சூனியக்காரனுக்கு ஒரே கட்டு: பிறந்தபோது வைத்த பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் வந்தே ஆக வேண்டும். அந்தப் பெயர் அவன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். நாயகன் அவள் வீட்டு வாசலில் நிற்கிறான். அவளிடம் என்ன சொல்லிக் கேட்பான் என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.