பொருள்: இத்தாலிய வினைகளில் அழுத்தம் விழும் இடத்துக்குப் பெயர்

வணக்கம். இத்தாலியப் பாடநூலின் வினைத்திரிபு இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் ‘த்ரோங்கா’, அதற்கு முந்தியதில் ‘பியானா’, கடைசியிலிருந்து மூன்றாவதில் ‘ஸ்த்ருச்சொலா’, நான்காவதில் ‘பிஸ்த்ருச்சொலா’. நான்குக்கும் தமிழ் வேண்டும். மாணவர் தடுக்குவது படர்க்கைப் பன்மையில்: ‘பார்-ல’ (பேசுகிறார்), ‘பார்-ல-னொ’ (பேசுகிறார்கள்). இரண்டிலும் அழுத்தம் ‘பார்’ மேல்தான். இவர்கள் பன்மையில் ‘ல’வுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

---

ஈறு, ஈற்றயல் இருக்கக் கவலை ஏன்? நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி முச்சீர் என்று படித்தவர்களுக்கு ‘ஈற்றயலெடுப்பு’ விளங்காதா? மூன்றாவது, ஈற்றயலயல். ‘அழுத்தம்’ என்றால் ரத்த அழுத்தம்தான் நினைவுக்கு வரும். நன்னூலார் ‘எடுத்தல் படுத்தல் நலிதல்’ என்றாரே, அதிலிருந்து ‘எடுப்பு’ என்போம்!

---

ஐயா, அது குரலின் ஏற்ற இறக்கம். வேதம் ஓதும் குரல்நிலைகளான உதாத்தம், அநுதாத்தம், சுவரிதத்தோடு வைத்துப் பேசப்படுவது. இத்தாலியத்தில் பலமும் நீளமும் முக்கியம். எனக்கு ‘அசை’யே இடிக்கிறது. ‘ஆபிதனொ’ (வசிக்கிறார்கள்) யாப்பில் ஆ/பித/னொ, மூன்றே அசை. இத்தாலியக் கணக்கில் ஆ-பி-த-னொ, நான்கு. அழுத்தம் விழும் நான்காவது அசையே நம் கணக்கில் இல்லை! உயிரை எண்ணலாமா?

---

முடியாது. ‘பார்-லியா-மொ’வில் (பேசுகிறோம்) எழுத்தில் நான்கு உயிர், அசை மூன்று, நடு இகரம் யகரம்போல் ஒட்டிவிடும். பிரிப்பும் வேறு: இரட்டை மெய் பிளக்கும் (லெக்-கொ), ஸகரமும் அடுத்த மெய்யும் பிளக்காது (ரெ-ஸ்த-னொ). நம் காது ‘ரெஸ்-த’ என்றே கேட்கும்.

---

பெயரே வேண்டாம், நெடிலால் காட்டுங்கள். காபிதனொ (நேர்கின்றன), கபிதானொ (படைத்தலைவர்), கபிதனோ (தலைமை தாங்கினார்). ஒரே எழுத்துகள், மூன்று சொற்கள்.

---

மூன்றாவதில் மாட்டிக்கொண்டீர்கள். ஈற்றில் அழுத்தம் விழும் உயிர் அங்கே நீளாது. ‘னோ’ என்று எழுதினால் பிள்ளைகள் இழுப்பார்கள். அடிக்கோடு போதும். இத்தாலியரும் ஈற்றழுத்தத்துக்கு மட்டுமே கட்டாயமாகக் குறி இடுகிறார்கள்.

---

‘ஃபாப்-ப்ரி-க-மெ-லொ’ (அதை எனக்குச் செய்து கொடு) ஐந்தாவதில் விழும். ஈற்றயலயலயலயல் என்பீர்களா?

---

சரி, ஆறு பேர் சம்மதம்: ஈற்றழுத்தம், ஈற்றயலழுத்தம், பிறகு ஈற்று-3, ஈற்று-4 அழுத்தம். ‘அசை’க்கு அடிக்குறிப்பு போட்டுவிடுகிறேன்.

---

எண் போட்டால் அது கலைச்சொல் ஆகாது. என் மறுப்பையும் அதே அடிக்குறிப்பில் சேர்க்கவும். ‘எடுப்பு’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.