மனச்சோர்வு கேள்வித்தாள் ஐந்து மொழிகளில்: களத்துக்குப் போகும் முன் என்ன பார்க்கணும்?

களப்பயிற்சி:
தெற்காசியாவில் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மனச்சோர்வைக் கண்டறிய ஒரு பயிற்சி தயாராகிறது. தமிழ், சிங்களம், வங்காளம், நேபாளி, உருது என ஐந்து மொழிகள். பி.எச்.க்யூ-9 என்ற, ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுத் தாளை மொழிபெயர்த்து, மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்தாயிற்று. இன்னும் என்ன பாக்கி?

சொல்வளம்:
அந்தச் சரிபார்ப்பில் சொற்பிழைதான் மாட்டும். "மனச்சோர்வாக உணர்கிறீர்களா?" என்பது ஆங்கிலத்துக்குப் போனால் சரியாகவே வரும். வயலில் நிற்பவர் காதில் அது "களைப்பா இருக்கா?" என்று விழலாம். அவர் சொல்வது "மனசே சரியில்லை", "எதுலயும் மனசு ஒட்டலை". அதனால் மொழிக்குப் பத்துப் பேரிடம் தாளை வாசித்துக் காட்டி, "நான் கேட்டது என்னன்னு புரிஞ்சுது?" என்று கேளுங்கள். தமிழில் இதை இரண்டு தடவை செய்யணும். மதுரைக்கு எழுதியது மட்டக்களப்பில் அப்படியே ஓடாது.

நேபாளியில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே கவலையும் ஆசையும் குடியிருப்பது 'மன்'. புத்தி இருப்பது 'திமாக்'. 'மன்' நோகிறது என்று சொல்ல யாரும் கூசுவதில்லை. 'திமாக்' கெட்டது என்றால் பைத்தியம் என்றே ஊர் எடுத்துக்கொள்ளும். சுவரொட்டியில் எந்தச் சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

"பாதி நாட்களுக்கு மேல்" என்ற விடையும் பலருக்குப் பிடிபடாது. "போன 14 நாளில் எத்தனை நாள்?" என்று கேட்டு எண்ணை எழுதிக்கொள்ளலாம்: 0–1 நாளுக்கு மதிப்பெண் 0, 2–6 நாளுக்கு 1, 7–11 நாளுக்கு 2, 12–14 நாளுக்கு 3. எட்டாம் கேள்வியில் மந்தமாக அசைவதும் நிலைகொள்ளாமல் அலைவதும் ஒன்றாகக் கிடக்கின்றன, தனித்தனியாகக் கேளுங்கள்.

மாவட்ட மருத்துவர்:
எனக்குப் பெரிய கவலை ஒன்பதாம் கேள்விதான். "மொத்தம் 27-இல் 10 வந்தால் அனுப்பு" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், மொத்தம் 6 வாங்கி, சாக வேண்டும் போலிருக்கிறது என்பதற்கு 1 சொன்னவர் நழுவிவிடுவார். அங்கே 0 தவிர எது வந்தாலும் அன்றைக்கே உட்கார்ந்து பேசணும்: எண்ணம் மட்டும்தானா, திட்டம் இருக்கிறதா, முன்பு முயன்றாரா, பூச்சிமருந்து வீட்டில் இருக்கிறதா? இருந்தால் அதை வெளியேற்றும்வரை அவரைத் தனியே விடக்கூடாது. கேட்டால் எண்ணம் முளைத்துவிடும் என்ற பயத்தைப் பயிற்சியிலேயே போக்குங்கள், அப்படி ஆவதில்லை. இலங்கையில் 1995-க்குப் பிறகு தற்கொலைகள் வெகுவாகக் குறைந்ததில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்ததற்குப் பெரும் பங்கு உண்டு.

அடுத்தது, அனுப்பும் இடத்தில் மருந்து இருக்கிறதா? மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்செட்டின் 20 மி.கி. மாத்திரையின் பலன் தெரியவே 4–6 வாரம் ஆகும். குணமான பிறகும் 9–12 மாதம் தொடரணும். தினம் ஒன்று என்றால் 40 பேருக்கு ஓராண்டுக்கு 14,600 மாத்திரை. கணக்குப் போடாமல் தொடங்கினால் இரண்டாம் மாதமே இருப்பு தீரும், நோய் திரும்பும், "இந்த மருந்து வேலைக்காகாது" என்ற பேச்சும் பரவும். தூக்கமே தேவைப்படாமல் அளவுமீறிய உற்சாகத்தில் இருந்த நாட்கள் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். மனச்சோர்வும் அந்த மாதிரி உற்சாகமும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு இதை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம்.

தாய்சேய்நலம்:
எல்லோருக்கும் மாத்திரை வேண்டாம். பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் 'லேடி ஹெல்த் வொர்க்கர்' எனப்படும் கிராமச் சுகாதாரப் பணிப் பெண்களே பேச்சுவழி உதவி கொடுத்தார்கள். 2008-இல் வெளியான முடிவு: பிரசவமாகி ஆறு மாதத்தில் மனச்சோர்வு நீடித்தது உதவி பெற்ற தாய்மாரில் 23%, மற்றவர்களில் 53%. தாயின் மனநோய் என்று பேச்செடுக்காமல் குழந்தையின் வளர்ச்சியை முன்வைத்தார்கள். மாமியார் உட்பட வீடே ஒத்துழைக்க அது வழிவிட்டது. ஆனால் மாதாந்தர மேற்பார்வை இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

களப்பயிற்சி:
மிக்க நன்றி. உதவி எண்ணை எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி அச்சடிக்கலாமா?

மாவட்ட மருத்துவர்:
கூடாது. இந்தியாவில் 14416, இலங்கையில் 1926. தமிழ்த் தாளில் இரண்டும் கலந்துவிடாமல் நாட்டுவாரியாகத் தனித்தனியே அச்சடியுங்கள்.