ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு வீடு: 3 லட்சத்தைத் தாண்டினால் கதவு சாத்தியாச்சா?

குடந்தைவாசி:
கும்பகோணத்தில் தூய்மைப் பணி, ஒப்பந்தத்தில் மாதம் 12,500. மனைவி ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலை, 13,500. சேர்த்தால் வருடம் 3,12,000. பிரதமர் ஆவாஸ் நகர்ப்புறத் திட்டம் 2.0-ல் ஈ.டபிள்யூ.எஸ் (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு) வருமான வரம்பு 3 லட்சம். குடியிருப்பது கோயில் மனையில் ஓட்டு வீடு. வழி இருக்கா? இப்படிப்பட்ட வேலைக்கு வருமானம் பார்க்காமல் வேலையை வைத்தே வீடு ஒதுக்கினால் என்ன?

வெண்ணாற்றங்கரை:
கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள், இதுதான் குடும்பம். 12,000 ரூபாய் தாண்டியதில் அடுத்த பிரிவான எல்.ஐ.ஜி-க்கு (குறைந்த வருமானப் பிரிவு) போயாச்சு சார். ஒதுக்கீட்டு வீடு, சொந்த மனையில் கட்ட மானியம், இரண்டும் கிடையாது. மிச்சம் வட்டி மானியம்: 25 லட்சம் வரையான கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம், அதிகபட்சம் 1.8 லட்சம், 5 வருடத் தவணையில் கடன் கணக்குக்கு வரும். ஆனா டெண்டர் மாறினா முதலாளி மாறிடுவார், பேங்க் "சர்வீஸ் எத்தனை வருஷம்"னு கேட்கும். முதலாளி மாறினாலும் யூ.ஏ.என் (பி.எஃப் கணக்கின் நிரந்தர எண்) ஒன்றுதான் என்பதால் பி.எஃப் பாஸ்புக்கைக் காட்டுங்க, காண்ட்ராக்டர் லெட்டரைவிட அதுக்கு மதிப்பு. வாடகை வீட்டுப் பிரிவு எல்.ஐ.ஜி-க்கும் உண்டு, ஊரில் அப்படி ஒரு திட்டம் வந்தால்தான்.

மணல்மேட்டான்:
வருமானம் குறைவா இருந்தாலும் கோயில் மனையில் வீடு கட்ட மானியம் கிடைக்காது. மனை வாடகை ரசீது பட்டா ஆகாது. 1959 அறநிலையச் சட்டம் 34-ம் பிரிவுப்படி விற்பனை, அடமானம், 5 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை எல்லாத்துக்கும் ஆணையர் அனுமதி வேணும். பட்டா வாங்கித் தர்றேன்னு வர்ற புரோக்கரை நம்பாதீங்க.

சொந்த மனை இருக்கிறவங்களுக்கும் நம்ம பக்கம் களிமண் ஒரு செலவு. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஆழமா தோண்டி மணல் நிரப்பி, ஐப்பசித் தண்ணிக்கு மேல பேஸ்மட்டத்தை ஏத்தணும். மானியமோ வேலை நடக்க நடக்க, போட்டோ பார்த்துத்தான் வரும். மண்ணுக்குள்ள போற பணத்தை முதல்ல கையிலிருந்து போடணும்.

நெல்வயல்:
வேலையை வைத்து ஒதுக்கலாம், வேலையோடு கட்டக் கூடாது. ஒப்பந்தம் முடிந்ததும் வீடும் போச்சு என்றால் அது குவார்ட்டர்ஸ். வழிகாட்டுதலில் தூய்மைப் பணியாளர், அங்கன்வாடிப் பணியாளருக்கு முன்னுரிமை ஏற்கெனவே இருக்கு, ஆனால் வரம்புக்குள் வந்தால்தான். வரம்பைத்தான் திருத்தணும்: பெரிய சம்பளத்தை முழுசா, இன்னொன்றில் பாதியை மட்டும் கணக்கில் எடுக்கணும். இவங்க கணக்கில் 13,500 + 6,250, வருடம் 2,37,000. இருவர் உழைத்ததற்குத் தண்டனை இருக்காது.

இடமும் பாருங்க. விடியுமுன் மஸ்டருக்கு (வருகைப் பதிவுக்கு) நிற்கிறவங்களுக்கு, முதல் பஸ் வராத புறநகரில் மூணாவது மாடி எதுக்கு?

வெண்ணாற்றங்கரை:
இன்னொன்று. கடந்த 20 வருடத்தில் எந்த அரசு வீட்டுத் திட்டத்திலும் குடும்பம் வீடு வாங்கியிருக்கக் கூடாது. அப்பா பெயரில் தொகுப்பு வீடு இருந்தால் அது அவர் குடும்பக் கணக்கு. விண்ணப்பத்தை மனைவி பெயரிலோ கூட்டாகவோ போடுங்க.